மீனுக்குத் தண்ணீர் பிடித்து வைக்க எந்தப் பாத்திரம் நல்லது?

புதிதாக மீன் வளர்க்கத் தொடங்குபவருக்குக் கடைக்காரர் சொல்லி அனுப்புவது ஒரே வரிதான்: "தண்ணியை ஒரு நாள் பிடிச்சு வைச்சிட்டு ஊத்துங்கோ." எதில் பிடித்து வைப்பது என்று அவர் சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் கைக்கு அகப்படுவது உடுப்பு ஊறவைக்கிற வாளி, இல்லாவிட்டால் வளவு மூலையில் கிடக்கிற பழைய மண்ணெண்ணெய்க் கான். மறுநாள் அந்தத் தண்ணீரை ஊற்றிக் கொஞ்ச நேரத்தில் கப்பி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பழி மட்டும் குழாய்த் தண்ணீரின் மேல் விழும்.

பாத்திரத்தைத் தெரிவு செய்வது கடினமான வேலை அல்ல. அந்த ஒரு நாளில் தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிக் கேள்விக்குத் தானாகவே விடை கிடைக்கும்.

திருகோணமலை நகரத்துக்கு வரும் குழாய்த் தண்ணீர் கந்தளாயில் சுத்திகரிக்கப்பட்டு, கிருமி கொல்லக் குளோரின் சேர்க்கப்பட்டு வருகிறது. அந்த அளவு குளோரின் நமக்குக் கெடுதல் இல்லை. மீன் அந்தத் தண்ணீரிலேயே மூச்சு விடுகிறது என்பதுதான் வித்தியாசம். சந்தையில் மீன் வாங்கும்போது சிவப்பாக இருக்கிறதா என்று தூக்கிப் பார்க்கிறோமே, அந்தச் செவுளில் குளோரின் நேராகப் படுகிறது. ஒரு லீற்றரில் 0.1 மில்லிகிராம் நின்றாலே பல மீன்களுக்கு அது அதிகம். பிடித்து வைத்த தண்ணீரிலிருந்து குளோரின் ஆவியாகி வெளியேறும், ஆனால் தண்ணீரின் மேற்பரப்பு வழியாக மட்டுமே. பாத்திரத்தின் அடியிலோ சுவரிலோ அதற்கு வழி இல்லை.

ஆகவே பிளாஸ்டிக் இலக்கத்தைத் தேடுவதற்கு முன்பு பாத்திரத்தின் வாயைப் பாருங்கள். 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வாளியில் காற்றுப்படும் பரப்பு ஏறக்குறைய 700 சதுர சென்ரிமீற்றர். 5 சென்ரிமீற்றர் வாயுள்ள 20 லீற்றர்க் கானைக் கழுத்து வரை நிரப்பினால் காற்றுப்படுவது வெறும் 20 சதுர சென்ரிமீற்றர். இரண்டிலும் ஒரே தண்ணீர்தான், ஆனால் வாளியில் ஒரு நாளில் போகிற குளோரின் கானில் மூன்று நாளானாலும் முழுதாகப் போகாது. மூடியும் திருகியிருந்தால் சொல்லவே வேண்டாம். அகன்ற வாய், குறைந்த ஆழம், மூடாத மேற்பரப்பு என்று இருந்தால் 24 முதல் 48 மணித்தியாலம் போதும். சின்ன எயார் பம்ப் ஒன்றைப் போட்டு எயார் ஸ்டோனை (காற்றைச் சிறு குமிழிகளாக விடும் கல்) அடியில் விட்டால் மாலையில் பிடித்த தண்ணீர் அடுத்த நாள் மாலைக்குத் தயார்.

குளோரினுக்குப் பதிலாகக் குளோரமைன் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த தண்ணீர் என்றால் வைத்திருப்பதால் மட்டும் போகாது. மொத்தக் குளோரின் காட்டும் சோதனைத் தாள் இரண்டு நாளுக்குப் பிறகும் நிறம் மாறினால், குளோரமைனையும் அமோனியாவையும் கட்டும் மருந்து தேவை.

கிணற்றுத் தண்ணீரில் குளோரின் இல்லையே, அதை ஏன் வைக்க வேண்டும் என்று உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்தில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நிலத்துக்கடியிலிருந்து அப்போதே எடுத்த தண்ணீரில் கரியமிலவாயு கூடவும் ஒட்சிசன் குறையவும் இருக்கும். இறைத்த உடனே பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 6.8 காட்டிய தண்ணீர், காற்றுப்பட்டு ஒரு நாள் நின்ற பிறகு 7.5 காட்டலாம். அந்த ஏற்றம் வாளிக்குள் நடக்கட்டும், மீன் இருக்கிற தொட்டிக்குள் வேண்டாம். குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருந்தால் காற்றுப்பட்டதும் துருநிறத்தில் மண்டி இறங்கும். அழுகிய முட்டை மணம் அடித்தால் அதுவும் காற்று விட்டால் போய்விடும். போகாத ஒன்று உப்பு. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் கரையோரக் கிணறுகள் சில உவர்க்கும். அந்தத் தண்ணீரை எத்தனை நாள் வைத்தாலும் உப்புக் குறையாது. தண்ணீர் ஆவியாகிப் போக மிச்சத்தில் உப்புக் கூடத்தான் செய்யும். மொலி மீன் தாங்கும், நியோன் மீன் தாங்காது.

பிளாஸ்டிக்: இலக்கத்துக்கு முன்பு வரலாறு

பாத்திரத்தின் அடியில் முக்கோண அம்புக்குறிக்குள் ஓர் இலக்கம் இருக்கும். 2 என்றால் எச்.டி.பி.ஈ., 4 என்றால் எல்.டி.பி.ஈ., 5 என்றால் பி.பி. இந்த மூன்றும் மீன் தண்ணீருக்கு நல்லவை. 1 பெட், அதாவது குடிநீர்ப் போத்தல் பிளாஸ்டிக். சில நாளுக்குப் பாதகமில்லை. 3 என்பது பி.வி.சி.; கடினமான தண்ணீர்க் குழாயாக வந்தால் சரி, வளைந்து கொடுக்கிற மெத்தென்ற பி.வி.சி. விரிப்பு, காற்றடிக்கும் விளையாட்டுத் தொட்டி போன்றவை என்றால் தவிர்க்கவும். மெதுமைக்காகச் சேர்க்கிற எண்ணெய் போன்ற பொருள் அவற்றிலிருந்து தண்ணீருக்குக் கசியும். 7 என்பது "மற்றவை" என்கிற ஒரு சாக்கு மூட்டை. உள்ளே என்ன என்று இலக்கம் சொல்லாது.

ஆனால் இலக்கம் சொல்வது பிளாஸ்டிக்கின் சாதியை மட்டும். அதில் என்ன சாயம் கலந்தார்கள், முன்பு எதற்குப் பாவித்த பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்தார்கள் என்பதை அது சொல்லாது. அதற்குப் பக்கத்தில் கோப்பையும் முள்ளுக்கரண்டியும் வரைந்த சின்னம் இருந்தால் உணவுக்கு உகந்தது என்று பொருள். அதைத் தேடி வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிற கறுப்பு, கடும்பச்சைப் பேசின்கள் பல மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் வார்த்தவை. தோட்டத்துக்கு அவை தாராளம். மீனுக்கு, வெள்ளையாகவோ நிறம் இல்லாமலோ இருக்கிற வாளிக்கு நூறிருநூறு ரூபாய் கூடக் கொடுப்பது நட்டமல்ல. வீட்டுக் கூரையில் வைக்கிற கறுப்பு நீர்த்தாங்கி வேறு கதை: அது குடிநீருக்கென்றே செய்தது, நிறம் வெளிச்சத்தை மறைத்துப் பாசி பிடிக்காமல் காக்கிறது.

எந்தப் பிளாஸ்டிக் என்பதைவிட, அதற்குள் முன்பு என்ன இருந்தது என்பதே பெரிய கேள்வி. எச்.டி.பி.ஈ. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் எண்ணெய் வகைகளை உறிஞ்சிக்கொள்ளும். படகு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கொண்டுபோன கானை எத்தனை முறை கழுவினாலும் மணம் குறையுமே தவிரப் போகாது. சுவருக்குள் ஊறிய எண்ணெய் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியே வரும். கரையோர வீடுகளில் இந்தக் கான்கள் தாராளமாகக் கிடைப்பதால்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பூச்சிமருந்து, களைநாசினி, பெயின்ற், தின்னர், பற்றரி அமிலம் இருந்தவையும் அப்படியே. அவற்றைச் "சுத்தம் செய்து" பாவிக்கிற முறை என்று எதுவும் இல்லை.

பழைய நீல பரல் ஒன்றை வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 200 லீற்றர் வரும், உறுதியானது, பல வருடம் உழைக்கும். முதலில் வெளியே ஒட்டியிருக்கிற தாளைத் தேடுங்கள். கிழித்திருந்தாலும் மூலையில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். மண்டையோடு, தீச்சுவாலை, செத்த மீனும் மரமும் வரைந்த சாய்சதுரம் இவற்றில் எதுவாவது கண்ணில் பட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். அந்தச் செத்த மீன் அடையாளம் நமக்கென்றே போட்டது மாதிரி! தாள் சுத்தமாக உரிக்கப்பட்டிருந்தால் விற்பவரிடம் கேளுங்கள். "சாப்பாட்டுச் சாமான் தான்" என்பது எல்லாப் பரலுக்கும் சொல்கிற பதில், அதனால் என்ன சாமான் என்று கேட்க வேண்டும். வினாகிரி, சீனிப்பாகு, ஊறுகாய், எலுமிச்சைச் சாறு என்றால் பரவாயில்லை. சவர்க்காரத் திரவம், வாசனை எசென்ஸ் என்றால் வேண்டாம். பிறகு மூடியைத் திறந்து, உள்ளே மூக்கை வைக்காமல் கையால் காற்றை விசிறி மணந்து பாருங்கள். ரோர்ச் அடித்து உட்சுவரைப் பாருங்கள். நீலம் ஒரே சீராக இல்லாமல் திட்டுத்திட்டாக மஞ்சளோ பழுப்போ ஏறியிருந்தால் அது ஊறிய கறை. விரலால் தேய்த்தால் வழுக்கினால், நுரைத்தால், சவர்க்காரம். மூடியில் இருக்கிற றப்பர் வளையத்தையும் மறக்கக்கூடாது. பரல் மணக்காவிட்டாலும் வளையம் காட்டிக்கொடுக்கும்.

இத்தனையும் தேறிய பரலின் மேல்முகத்தை அறுத்து வாயை அகலமாக்குங்கள். இரண்டு சிறிய துளை மட்டும் உள்ள பரலை அப்படியே வைத்தால் முன்சொன்ன கானின் கதிதான்.

உலோகம், சீமெந்து, மற்றவை

நாகம் பூசிய தகர வாளி வேண்டவே வேண்டாம். நாகம் கரையும், மென்மையான தண்ணீரிலும் அமிலத்தன்மை உள்ள தண்ணீரிலும் இன்னும் விரைவாகக் கரையும். செம்பும் பித்தளையும் நம் வீட்டில் மரியாதையான பாத்திரங்கள், மீனுக்கு நஞ்சு. இறாலும் நத்தையும் செம்பின் மிகச் சிறிய அளவையும் தாங்கமாட்டா. துருப்பிடிக்காத எஃகுப் பானை நல்ல தண்ணீருக்கு ஓரிரு நாள் சரி. உப்புத் தண்ணீர் வைத்தால் அதிலும் புள்ளிபுள்ளியாய் அரிக்கும். கண்ணாடி எல்லாவற்றிலும் பாதுகாப்பானது, பாரமும் உடைவும்தான் தொல்லை. ஒழுகாத பழைய மீன்தொட்டி ஒன்று வீட்டில் சும்மா இருந்தால் அதைவிட நல்ல பாத்திரம் தேட வேண்டியதில்லை. மண்பானை மெருகு பூசாததாக இருந்தால் நல்லது. பளபளக்கிற மெருகில் ஈயம் இருக்கலாம்.

மீன் ஏற்றுகிற ரெஜிபோம் (வெள்ளை நுரைப்பிளாஸ்டிக்) பெட்டி கடற்கரையில் இலகுவாகக் கிடைக்கும். பொருள் கெடுதல் இல்லை, ஆனால் ஐஸ் மீன் இருந்த பெட்டியின் நுண்துளைகளில் புரதம் ஊறி அழுகும். புதிய பெட்டி என்றால் பயணத்துக்கு எடுக்கலாம்.

சீமெந்துத் தொட்டிக்குப் பொறுமை வேண்டும். புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கரைந்து பி.எச். 11, 12 வரை போகும்; அதில் எந்த மீனும் நிற்காது. வழிமுறை பழையது: நிரப்பி, மூன்று நாலு நாள் விட்டு, வடித்து, தேய்த்து, மறுபடி நிரப்புவது. மூன்று நாலு வாரம் இப்படிச் செய்ய வேண்டும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிடுவது நம் ஊர் வழக்கம். அது வேலை செய்கிறது: தண்டு அழுகும்போது வரும் அமிலமும் கரியமிலவாயுவும் சுண்ணாம்பை முறிக்கின்றன. ஆனால் அழுகல் தண்ணீரை முழுதாக வடித்துக் கழுவாமல் விட்டால் ஒரு பிரச்சினைக்குப் பதில் இன்னொன்று வரும். தண்ணீரை நிரப்பி மூன்று நாள் விட்ட பிறகும் பி.எச். 8.5க்குக் கீழே நின்றால்தான் தொட்டி தயார்.

பைபர்கிளாஸ் தொட்டியில் ஒரு கூர்மையான இரசாயன மணம் வந்தால் பிசின் முழுதாக இறுகவில்லை என்று அர்த்தம். வெயிலில் பல நாள் காயவிட்டு, பிறகு தண்ணீர் நிரப்பி மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். படகு செய்பவர்களிடமிருந்து எடுத்த துண்டில் உள்ளே வர்ணம் பூசியிருந்தால் எடுக்காதீர்கள். படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கப் பூசுகிற பெயின்றில் செம்பு இருக்கும். உயிரைக் கொல்வதற்கென்றே செய்த பெயின்ற் அது.

பரலுக்குக் குழாய் பொருத்தும்போது

நல்ல பரலைத் தேடிப் பிடித்துவிட்டு அதில் பித்தளைத் திருகுபிடி மாட்டுவதைப் பலர் செய்கிறார்கள். பிளாஸ்டிக் திருகுபிடியே போதும், விலையும் குறைவு. அதை அடியோடு ஒட்டி வைக்காமல் 5 சென்ரிமீற்றர் மேலே துளையிடுங்கள். மண்டி அடியில் நிற்கும், தெளிந்த தண்ணீர் மட்டும் வரும். பி.வி.சி. பசை போட்டால் 24 மணித்தியாலம் காயவிட்டு, இரண்டு முறை தண்ணீர் ஓடவிட்டுக் கழுவுங்கள். கசிவை அடைக்கச் சிலிக்கன் பூசினால் "பூஞ்சணம் பிடிக்காது" என்று எழுதிய குளியலறைச் சிலிக்கனை வாங்கக்கூடாது. பூஞ்சணத்தைக் கொல்ல அதில் சேர்த்த மருந்து மீனையும் விடாது.

ஹோஸ் பைப் வெயிலில் கிடந்தால் அதற்குள் நின்ற தண்ணீர் சூடேறிப் பிளாஸ்டிக் மணத்தோடு வரும். முதல் வாளியைப் பூமரத்துக்கு ஊற்றிவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

எவ்வளவு பெரிய பாத்திரம் வேண்டும் என்பது கணக்குத்தான். தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லீற்றர் வரும். 60, 30, 30 என்றால் 54 லீற்றர். கிழமைக்குக் காற்பங்கு மாற்றினால் 14 லீற்றர் போதும். 20 லீற்றர் வாளி ஒன்று வேலை முடிக்கும், பரலே வேண்டாம். பரல் வைப்பவர்கள் பாரத்தை நினைக்க வேண்டும். 200 லீற்றர் தண்ணீர் 200 கிலோ. மேல்மாடிப் பலகையிலோ நாலு கல் அடுக்கியோ அதை வைக்கக்கூடாது.

கழுவுவதும் சோதிப்பதும்

புது வாளிக்குச் சவர்க்காரம் போடாதீர்கள். அச்சிலிருந்து கழற்றப் பூசிய மெல்லிய வழுவழுப்பு உள்ளே இருக்கும். கல்லுப்பைக் கையில் எடுத்துப் புதுப் பஞ்சுத் துண்டால் தேய்த்தால் போய்விடும். பிறகு கை தாங்குகிற சூட்டில் தண்ணீர் நிரப்பி ஓரிரவு விட்டு ஊற்றுங்கள். இதை மூன்று முறை செய்யலாம். விலைச்சீட்டின் பசை வெளியே இருந்தால் இருக்கட்டும். உள்ளே இருந்தால் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, வினாகிரியால் கழுவி எடுங்கள்.

பழைய பாத்திரத்தில் நோய்க்கிருமி இருக்கலாம் என்று நினைத்தால் வாசனை சேர்க்காத ப்ளீச் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 10 மில்லிலீற்றர் கலந்து அரை மணித்தியாலம் விடலாம். பிறகு நன்றாக அலசி, மணம் அறவே போகும்வரை வெயிலில் காயவிட வேண்டும். வெள்ளைச் சுண்ணாம்புப் படையை எடுக்க வினாகிரி. இரண்டையும் ஒரே நேரத்தில் சேர்த்துவிடாதீர்கள், நஞ்சு வாயு கிளம்பும். அதன் பிறகு கவலை மீனைப் பற்றியதாக இருக்காது.

சந்தேகம் தீரச் சோதனை ஒன்று உண்டு. ஒரே குழாயில், ஒரே நேரத்தில், புதுப் பாத்திரத்திலும் சுத்தமான கண்ணாடிப் போத்தல் ஒன்றிலும் தண்ணீர் பிடியுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தபடி 48 மணித்தியாலம் வையுங்கள். பிறகு நாலு விடயம் பாருங்கள். இரண்டையும் மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணம். வெள்ளைக் கடதாசிக்கு மேல் வைத்து நிறம். சாய்வான வெளிச்சத்தில் மேற்பரப்பு. எண்ணெய் இருந்தால் வானவில் படலம் தெரியும். கடைசியாக பி.எச்.; இரண்டுக்கும் 0.3க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பாத்திரம் ஏதோ கொடுக்கிறது. கண்ணாடிப் போத்தல் இல்லாமல் செய்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. தண்ணீரின் குணம் எது, பாத்திரத்தின் குணம் எது என்று பிரிக்க முடியாது.

தேறிய வாளியில் அழியாத மையால் "மீனுக்கு மட்டும்" என்று எழுதி, வீட்டில் வேறு யாரும் பாவிக்காத நிறமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தடவை அதில் உடுப்பு ஊறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அவசரத்துக்கு: கடையில் அன்டி-குளோரின் என்று விற்பது பெரும்பாலும் சோடியம் தயோசல்பேற்று. பளிங்காக வாங்கினால் 10 கிராமைக் கரைத்து 100 மில்லிலீற்றராக்கி, 10 லீற்றர் தண்ணீருக்கு 2 மில்லிலீற்றர் விட்டால் சாதாரணக் குழாய்த் தண்ணீரின் குளோரின் உடனே முறியும். இது இருந்தால் வாளி அகலமா குறுகலா என்ற கவலை இல்லை. ஆனால் மண்ணெண்ணெயையும் செம்பையும் இது தொடாது.

எங்கே வைப்பது

நிழலில். வெயிலில் நிற்கிற கறுப்புத் தாங்கியில் மத்தியான நேரம் தண்ணீர் கையைச் சுடும். தொட்டித் தண்ணீருக்கும் புதுத் தண்ணீருக்கும் 2 பாகைக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். வெளிச்சம் புகுகிற வெள்ளை வாளியில் நாலைந்து நாளில் பச்சைப் பாசி பிடிக்கும். அது மீனுக்குக் கெடுதலில்லை, பார்க்கத்தான் அழகில்லை.

நுளம்புதான் உண்மையான தலைவலி. மாரி தொடங்கினால் திறந்து வைத்த பரல் டெங்கு நுளம்பின் வீடு. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி குடம்பி கண்டால் வீட்டுக்காரர்தான் பொறுப்பு. பி.எச். பார்க்கிறவர் பி.எச்.ஐ.யையும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரை) நினைக்கத்தான் வேண்டும். குளோரின் போக வாய் திறந்திருக்க வேண்டும், நுளம்பு வராமல் மூடியும் இருக்க வேண்டும்: இரண்டுக்கும் விடை நுளம்பு வலை. வலையைத் தண்ணீரில் தொங்கவிடாமல் இழுத்துக் கட்டி, சைக்கிள் ரியூபில் வெட்டிய வளையத்தால் வெளியே இறுக்குங்கள். வலை தண்ணீரில் பட்டால் நுளம்பு அதன் மேலிருந்தே முட்டையிடும்.

சுகாதாரப் பிரிவினர் குடம்பி கொல்லும் மருந்து போட்ட தண்ணீரையும் தொட்டிக்கு எடுக்க வேண்டாம்; முக்கியமாக இறால் வளர்ப்பவர்கள். தெருவில் புகை அடிக்க வருகிறார்கள் என்று அறிவித்தால் அன்று வலை போதாது, தடித்த பிளாஸ்டிக் மூடியால் பரலையும் தொட்டியையும் மூடி, எயார் பம்பையும் புகை போகும்வரை நிறுத்துங்கள். அந்தப் புகையிலும் வீட்டில் அடிக்கிற நுளம்பு ஸ்பிரேயிலும் இருக்கிற மருந்து மனிதருக்குத் தாங்கக்கூடியது, மீனுக்கு மிகக் கொடியது. பம்ப் ஓடினால் அறைக் காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் கொண்டுபோய் விடும்.

பிடித்த தண்ணீரை ஒரு கிழமைக்குள் முடித்துவிடுவது நல்லது. பரல் காலியானதும் தண்ணீர் நின்ற மட்டத்துக்குச் சற்று மேலே சுற்றிவரத் தும்புத்தடியால் அழுத்தித் தேய்த்துவிட்டு நிரப்புங்கள். டெங்கு நுளம்பு முட்டையிடுவது தண்ணீருக்குள் அல்ல, அந்த ஈர விளிம்பில். காய்ந்தாலும் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கிடந்து, அடுத்த முறை தண்ணீர் தொட்டதும் பொரிக்கும்.